என் புத்தகத்துக்கு இடம் கொடுத்த கும்பகோணம் கடை

அப்பா காவிரியின் கிளையான அரசலாற்றில் லஸ்கராக, அதாவது மதகுகளைத் திறந்து மூடும் பாசன ஊழியராக இருந்தவர். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் எந்த மதகுக்கு எத்தனையாவது நாள் தண்ணீர் எட்டும் என்று ஆண்டுதோறும் நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டுகளை 144 பக்கப் புத்தகமாக்கி, என் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். ஐ.எஸ்.பி.என். என்கிற சர்வதேசப் புத்தக எண்ணுக்குச் செலவில்லை, டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. கடைக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பெரும்பாடு. தஞ்சாவூரில் ஒரு கடையில் அட்டையைக்கூடத் திருப்பாமல், பதிப்பகம் வழியாக வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கும்பகோணத்துக் கடைக்காரர் நின்றபடியே நான்கு பக்கம் படித்தார். பிறகு புத்தகத்தைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தார்.

“முதுகில் பெயர் இல்லையே சார். அடுக்கில் செருகினால் யார் கண்ணில் படும்?”

எனக்குச் சுருக்கென்றது. அவரோ கல்லாவுக்கு எதிர்த் தட்டில் இரண்டு புத்தகங்களை நகர்த்தி, என் புத்தகத்தை அட்டை தெரியும்படி நிறுத்தி வைத்தார். வீட்டுக்கு வந்ததும் பெயரை நீளத் துண்டுகளாக அச்சடித்து, மீதிப் பிரதிகளின் முதுகில் நானும் மனைவியும் ஒட்டி முடித்தோம்.

பத்துப் பிரதிகள், கடைக்கு 35 சதவீதக் கழிவு, விற்ற பிறகு பணம். விலை 180 ரூபாய் என்பதால் என் கைக்கு 117. புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லாததால் கணக்கில் சிக்கலில்லை. மூன்று மாதத்தில் ஏழு விற்று 819 ரூபாய் வந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது அவருடைய நோட்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் எதிரே வாங்கியவரின் ஊரைப் பென்சிலால் எழுதியிருந்தார்: வலங்கைமான், நாச்சியார்கோவில், மறுபடி வலங்கைமான். அப்பா பார்த்த தண்ணீர் பாய்கிற ஊர்க்காரர்கள் அவரைப் படிக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குறையும் உண்டு. அடுத்த தவணைக் கணக்குக்கு இரண்டு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. வெயில் படும் தட்டு என்பதால் இரண்டு பிரதிகளின் அட்டை வெளுத்துவிட்டது. ஆனால் கேட்காமலேயே அவற்றுக்கும் பணம் கொடுத்துவிட்டார்.

சொந்தமாகப் புத்தகம் போட்டவர்கள் தயங்காமல் போகலாம். ஜூன் மாதக் காலை வேளையில் மட்டும் வேண்டாம். பள்ளி நோட்டு வாங்கும் கூட்டத்தில் அவரால் பேச முடியாது. கொடுக்கும் பிரதிகளைக் குறித்த டெலிவரி சலான் இரண்டு நகல் எடுத்துச் செல்லுங்கள், ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் தருவார்.