கிளெமாட்டிஸ், ஹோஸ்டா ஆசைய ரங்கூன் மல்லியும் கலாடியமும் தீர்த்து வச்ச கதை: உப்புக்காத்துல தொட்டித்தோட்டம்

யூடியூப்ல வெளிநாட்டுத் தோட்டமா பாக்குறவங்க எல்லாருக்கும் இந்த ரெண்டு செடி மேல ஒரு ஆசை இருக்கும். செவுத்துல ஏறி உள்ளங்கை அகலத்துக்கு ஊதாப் பூ பூக்குற கிளெமாட்டிஸ், அதோட காலடில தொட்டி தொட்டியா பட்டை இலையோட ஹோஸ்டா. எனக்கும் அந்த ஜோடின்னா உசுரு. ஆனா நான் இருக்குறது ராமநாதபுரம் மாவட்டத்துல உச்சிப்புளி பக்கம், தென்கடல், அதான் மன்னார் வளைகுடா, நடந்து போற தூரம்தான். ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி, குளிர்காலத்துல இலையெல்லாம் உதுத்துட்டு பல வாரம் நல்ல குளிர்ல மண்ணுக்குள்ள தூங்கி எந்திரிச்சாத்தான் அடுத்த வருஷத்துக்கு அதுக்கு தெம்பு, நம்ம ஊர்ல மார்கழி ராத்திரில கூட 20 டிகிரிக்கு கீழ போறது அபூர்வம். பெரிய பூ பூக்குற கிளெமாட்டிஸும் குளிருக்குப் பழகுன கொடிதான். அதனால அந்தச் செடிகள விட்டுட்டு அந்த அமைப்ப மட்டும் எடுத்துக்கிட்டேன், மேல ஒரு பூக்கொடி, கீழ தொட்டில இலைச்செடி. பல வருஷமா இப்படித்தான் ஓடுது, நல்லாவே ஓடுது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிர்றேன். ஆன்லைன்ல பளீர் நீலம், ரோஸ், ஏழு கலர்னு படம் போட்டு ஹோஸ்டா விதைன்னு விக்கிறாங்க, தயவுசெஞ்சு காசக் குடுத்துராதீங்க. ஹோஸ்டால நீலம்னா சாம்பல் பூத்த நீலப்பச்சைதான், அதுவும் இலை மேல இருக்குற மெழுகுப் படிவத்தால தெரியுறது, விரல்ல தேச்சா போயிரும். போதாக்குறைக்கு நல்ல ரகம் எதுவும் விதைல அப்படியே வராது, வேரோட அடித்தூரப் பிரிச்சு வச்சாத்தான் தாய்ச்செடி மாதிரி வரும்.

இப்ப நம்ம ஊரு விஷயத்துக்கு வருவோம். இங்க வெயில விட உப்புதான் செடிக்கு எமன். அது ரெண்டு வழியா வரும், தண்ணில வரும், காத்துல வரும். எங்க வீட்டு போர் தண்ணில டிடிஎஸ் மீட்டர, அதான் தண்ணில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குற கருவிய, விட்டா 2000த்த தாண்டி நிக்குது, குடிக்கிற தண்ணிக்கு 500க்குள்ள இருக்கணும்னு சொல்றாங்கன்னா பாத்துக்கோங்க. இந்தத் தண்ணிய காகிதப்பூ தாங்கும், அரளி தாங்கும், ஸ்பைடர் லில்லி தாங்கும், பாம்புக் கத்தாழையும் தாங்கும், ஆனா மெல்லிசு இலைச்செடிக்கு ஊத்துனா முதல்ல நுனி காஞ்சு, அப்புறம் ஓரம் முழுக்க தீய்ஞ்ச மாதிரி ஆகி, கடைசில நடு நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். நிறைய பேர் அதப் பாத்து தண்ணி பத்தலைன்னு நெனச்சு அதே தண்ணிய இன்னும் ஊத்துறாங்க, அங்கதான் செடி போயிருது.

நாங்க பண்ணது என்னன்னா, 2003ல மழைநீர் சேகரிப்ப தமிழ்நாடு முழுக்க கட்டாயமாக்குனப்ப மாடில இருந்து இறக்குன பைப்ப ஒரு சின்டெக்ஸ் டேங்குக்கு திருப்பி விட்டுட்டோம், டேங்க் நிறைஞ்சா மிச்சம் குழிக்குப் போயிரும். நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கே 800 மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதுலயும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகைல கொட்டிட்டுப் போயிரும், ஆனா 100 சதுர மீட்டர் மாடில 10 மில்லிமீட்டர் பெஞ்சாலே கணக்குக்கு 1000 லிட்டருங்க, கொஞ்சம் தொட்டிக்கு அது தாராளம். கோடைல டேங்க் வத்துனா காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ரெண்டு குடம் செடிக்குன்னு ஒதுக்கிருவேன். அதுவும் இல்லாத நாள்ல போர் தண்ணியும் நல்ல தண்ணியும் பாதிப் பாதி கலந்து ஊத்துறேன். எந்தத் தண்ணி ஊத்துனாலும் தொட்டிக்கு அடில ஓட்டை வழியா நல்லா வழிஞ்சு ஓடுற அளவுக்கு அப்பப்ப ஊத்தி உப்பக் கழுவி விடணும், அடில தட்டு வச்சு அந்தத் தண்ணிய தேக்கவே கூடாது.

தொட்டின்னா எனக்கு மானாமதுரை மண் தொட்டிதான். வெளிப்பக்கம் வெள்ளையா உப்பு பூத்து வர்றத கண்ணாலயே பாக்கலாம், தேங்கா நாரால தேச்சா பொடிப்பொடியா உதிரும், தொட்டிக்குள்ள எவ்வளவு சேருதுன்னு அத வச்சே தெரிஞ்சுக்கலாம். ஒரே குறை, ஆனி ஆடில கச்சான் காத்து விடாம அடிக்கிறப்ப மண் தொட்டி சீக்கிரம் காஞ்சு போகும், அந்த ரெண்டு மாசமும் காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ ஊத்தியாகணும். தொட்டிக்குள்ள போடுற மண்ணுக்கு, வெளிய இருந்து வர்ற செம்மண், மக்குன ஆட்டு எரு, கழுவுன கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள். கோகோபீட்ட கழுவாம போட்டா அதுலயே உப்பு இருக்கும், நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ ஊற வச்சு பிழியுங்க. கடக்கரை மணல் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம், உப்பும் சிப்பித்தூளும்தான் அதுல.

மேல ஏத்துற கொடிக்கு ரங்கூன் மல்லிய விட நல்லது இந்தக் கரைல நான் பாக்கல. சாயங்காலம் வெள்ளையா விரியும், மறுநாள் ரோஸாகும், அப்புறம் சிவப்பாகும், ஒரே கொத்துல மூணு கலரும் தொங்கும். ராத்திரி வாசம் தெருமுனை வரைக்கும் வரும், இருட்டுனதும் நீள மூக்கு வச்ச அந்துப்பூச்சி வந்து பூவுக்கு முன்னால அந்தரத்துல நின்னுக்கிட்டே தேன் குடிக்கும், டார்ச்ச கொஞ்சம் தள்ளி அடிச்சா நல்லாத் தெரியும். கிளெமாட்டிஸ் வளர்க்குறவங்க தலை வெயில்ல, கால் நிழல்லன்னு சொல்வாங்க, அது இந்தக் கொடிக்கும் அப்படியே பொருந்துது, அடில இலைச்செடித் தொட்டிகள நெருக்கி வச்சதுக்கு அப்புறம் மண்ணு சூடாகாம இருக்கு, மொட்டு உதுர்றதும் குறைஞ்சிருக்கு. புதுக் கெளைலதான் பூக்கும், அதனால பூ ஓஞ்சதும் நல்லா வெட்டி விடுங்க, பாவம் பாக்காதீங்க. கிளெமாட்டிஸ் இலைக்காம்பால சுத்திப் பிடிச்சு மெல்லிசு கம்பிலயே ஏறிரும், இது கனமான கொடி, கனமான ஜிஐ பைப்போ பனங்கம்போ குடுக்கணும். கடலப் பாத்த பக்கம் மட்டும் இலை கருகும், அதுக்கு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ நல்ல தண்ணிய ஸ்பிரேயர்ல அடிச்சு இலையக் கழுவுனா போதும்.

கீழ வைக்குற இலைச்செடில அக்லோனிமா, சின்கோனியம், பீஸ் லில்லி எல்லாம் வச்சிருக்கேன். அக்லோனிமா நிதானமான செடி, வருஷக்கணக்கா அதே அழகோட இருக்கு. சின்கோனியம் எப்படியும் பொழைச்சுக்கும். பீஸ் லில்லிக்கு தண்ணி கொஞ்சம் உப்பானாலும் மூஞ்சி செத்துப் போகுது, நல்ல தண்ணி கைல இல்லாதவங்க அத விட்டுருங்க.

ஆனா ஹோஸ்டாவப் பாத்த சந்தோஷத்த எனக்குக் குடுத்தது கலாடியம்தான். அகலமான இலை, வெள்ளை விழுந்து பச்சை நரம்பு, இல்லைன்னா சிவப்பு நடு, காலை வெயில் சாய்வா விழுறப்ப இலைல வெளிச்சம் ஊடுருவி அப்படியே ஜொலிக்கும். இதுவும் ஹோஸ்டா மாதிரியே வருஷத்துல கொஞ்ச காலம் படுத்துரும், என்ன ஒண்ணு, அதுக்கு குளிர் வேணும், இதுக்கு வேண்டியதில்ல, தண்ணி குறைஞ்சாலே இலை மஞ்சளாகி சாய ஆரம்பிக்கும். செத்துப் போச்சுன்னு தொட்டியக் கவுத்துறாதீங்க. கெழங்கு உள்ள நல்லாத்தான் இருக்கும், தண்ணிய நிறுத்தி நிழல்ல வச்சா கொஞ்ச காலத்துல சுருட்டுன இலை கூரா மண்ணப் பொளந்துட்டு வரும். பால்பட்டா அரிக்கிற செடி, வாய்ல பட்டா நாக்கும் தொண்டையும் எரியும், சின்னப் புள்ளைக இருக்குற வீட்டுல எட்டாத இடத்துல வைங்க.

உரத்துக்கு மண்டபம் பக்கம் கிடைக்குற பாசிச்சாறு, அதான் கடல்பாசில எடுக்குற திரவ உரம், ரொம்பக் கொஞ்சமா தண்ணில கலந்து இலைல அடிக்கிறேன், துளிர் நல்லா வருது. கரைல ஒதுங்குன பாசிய அள்ளிட்டு வந்து நேரா தொட்டில போடாதீங்க, நல்லா அலசி, மழைல நனைய விட்டு, மக்க வச்சுத்தான் போடணும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணில 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு, இதுவே போதுமானதா இருக்கு. அடைமழை நேரத்துல நத்தை வரும், ராத்திரி பொறுக்கிப் போட்டுருங்க.

போன மழைக்கு எங்க மதினிக்கு கலாடியக் கெழங்கு பிரிச்சுக் குடுத்தேன். அவங்க வீடு வடகடல், அதான் பாக் நீரிணை பக்கம், வாடை நேரா அடிக்கும், அதனால தொட்டிகள வீட்டுக்கு தெக்குப் பக்கம் செவுத்த ஒட்டி வைக்கச் சொன்னேன். மார்கழி தைல வெயில் தெக்க சாஞ்சு வந்து அங்கதான் விழும், அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஒரு பனை ஓலைத் தட்டி சாத்தி வச்சா போதும் மதினின்னு சொல்லியிருக்கேன்.