எக்ஸ்டிபி: வேகத்தில் குறையில்லை, வெரிஃபையரிடம்தான் பொறுமை போகிறது

போன வாரம் கிளாங் கம்பைலரைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். எங்கள் நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. நெடுநாளாக ஓடிக்கொண்டிருந்த அதே எக்ஸ்டிபி ஃபில்டர் (சர்வருக்கு வரும் பாக்கெட்டுகளை வடிகட்டும் நிரல்), அதே சர்வர், அதே கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). லோடு செய்யப் போனால், கர்னலுக்குள் ஏறும் நிரல் பாதுகாப்பானதா என்று முன்கூட்டியே சோதிக்கும் வெரிஃபையர் ஏற்க மறுத்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கீழே எழுதியிருப்பதில் அது தெரிந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

எக்ஸ்டிபி என்றால் என்னவென்று விரிவாகச் சொல்லப் போவதில்லை. நெட்வொர்க் கார்டின் டிரைவர் பாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே, கர்னல் அதற்கென்று எஸ்கேபி (பாக்கெட்டின் விவரங்களை வைக்கும் தரவு அமைப்பு) ஒதுக்குவதற்கும் முன்னால், நாம் எழுதிய இபிபிஎஃப் நிரல் (கர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) ஓடும். மேலே போக விடு, இங்கேயே வீசு, வந்த கார்டு வழியாகவே திருப்பி அனுப்பு, வேறு பக்கம் தள்ளிவிடு என்று ஏதாவது ஒரு முடிவைச் சொல்லும். 2016இல் லினக்ஸ் 4.8உடன் வந்தது. நாங்கள் இதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் டிடாஸ் தாக்குதலை (பாக்கெட்டுகளைக் கொட்டிச் சேவையை முடக்கும் முயற்சி) வடிகட்ட, கொஞ்சம் லோடு பேலன்ஸிங்குக்கு (சுமையைப் பல சர்வர்களுக்குப் பங்கிட).

வேகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, சொன்னபடி இருக்கிறது. 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1.488 கோடி. 2018இல் வந்த எக்ஸ்டிபி ஆய்வுக் கட்டுரையில், ஒரே ஒரு கோர் நொடிக்கு 2.4 கோடி பாக்கெட்டுகளை வீசியதாக அளந்து காட்டியிருந்தார்கள். எங்கள் நிரல் ஹெடர்களைப் பிரித்துப் பார்த்து மேப்பில் (நிரல் தகவல்களை வைத்துக்கொள்ளும் அட்டவணை) தேடவும் செய்வதால் அந்த எண்ணை எட்டாது. ஆனால் தாக்குதல் நடக்கும் நேரத்தில் அதே சர்வரில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் நிதானமாக வேலை பார்க்க முடிகிறது. லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸை மட்டும் நம்பி இருந்த காலத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கர்னலைத் தாண்டி, பாக்கெட்டுகளை நம் நிரலே நேரடியாகக் கையாள விடும் டிபிடிகே ஏன் இல்லை என்று கேட்பார்கள். வேகம் அதில் இன்னும் கூடுதல்தான். ஆனால் அது கார்டைக் கர்னலிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் பிங்குக்குப் பதில் சொல்வதிலிருந்து ரூட்டிங் வரை எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு கோர் நூறு சதவீதத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். எக்ஸ்டிபியில் நமக்கு வேண்டாததை வாசலிலேயே வீசிவிட்டு மீதியைக் கர்னலிடம் விட்டுவிடலாம்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அப்படியே மாற்றலாம். முதல் தடவை மாட்டும்போது சில டிரைவர்கள் கார்டை மறுபடி துவக்கும், உண்மைதான். அதற்குப் பிறகு, நல்ல டிரைவராக இருந்தால், பழைய நிரலின் இடத்தில் புதியதை வைப்பது ஒரு பாயின்ட்டரை (நினைவக முகவரியைச் சுட்டும் மதிப்பு) மாற்றுவதோடு முடிந்தது. ஒரு பாக்கெட்டைப் பழைய நிரல் பார்த்திருக்கும், அடுத்த பாக்கெட்டைப் புதிய நிரல் பார்க்கும். மேப்களைப் பிபிஎஃப் கோப்பு முறைமையில் 'பின்' (pin) செய்து, அதாவது நிரல் மாறினாலும் நிலைத்திருக்கும்படி, வைத்திருந்தால், தடுத்து வைத்த முகவரிகள், கவுன்டர்கள் எதுவும் அழியாது. தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அதன் வடிவத்தைப் பார்த்து, ஒரு புது விதியை எழுதி, கம்பைல் செய்து ஏற்றியிருக்கிறோம். கிராஃபில் வீசப்பட்ட பாக்கெட்டுகளின் கோடு சரேலென்று மேலே ஏறும். சர்வரில் ஒரு இணைப்பும் அறுந்திருக்காது. இத்தனை வருடம் கழித்தும் அதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

சரி, இப்போது வெரிஃபையர்.

எங்கள் நிரல் செய்வது சாதாரண வேலை. ஐபி ஹெடரின் நீளம் நிலையானது இல்லை. அதற்குள் இருக்கும் 4 பிட் எண்ணை நான்கால் பெருக்கினால்தான் டிசிபி ஹெடர் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அந்த இடத்துக்கு ஒரு பாயின்ட்டரை நகர்த்தி, பாக்கெட்டின் முடிவைத் தாண்டவில்லை என்று சோதித்துவிட்டு, 13வது ஆஃப்செட்டில் இருக்கும் ஃபிளாக் பைட்டைப் படிக்கிறோம், புது இணைப்பைக் கேட்கும் சின் பாக்கெட்டா என்று பார்க்க. சி மொழியில் இந்தச் சோதனை பளிச்சென்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம்.

புதிய கம்பைலர் என்ன செய்தது என்றால், சோதனைக்கு ஒரு ரெஜிஸ்டரில் (கணக்கின்போது மதிப்பை வைக்கும் இடம்) அந்த முகவரியைக் கணக்கிட்டது. படிக்கும் இடத்தில், தொடக்க முகவரியோடு அதே நீளத்தை இன்னொரு தடவை கூட்டி வேறொரு ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டது. நமக்கு இரண்டும் ஒரே முகவரி. வெரிஃபையருக்கு அப்படி இல்லை. பாக்கெட் பாயின்ட்டரோடு மதிப்புத் தெரியாத ஓர் எண்ணைக் கூட்டும்போதெல்லாம் அது ஒரு புது அடையாள எண்ணைக் கொடுக்கும். எல்லைச் சோதனையின் பலன் அந்த அடையாள எண்ணுக்கு மட்டும்தான். சோதித்தது ஒரு எண், படித்தது வேறு எண். ஆகவே கிடைத்த பதில்: பாக்கெட்டில் செல்லாத அணுகல், ஆஃப்செட் 13, அளவு 1, நிரூபிக்கப்பட்ட எல்லை 0. அந்த பூஜ்ஜியம்தான் என் ஆத்திரத்தைக் கிளப்பியது. சோதனை அதற்கு நாலைந்து வரி மேலேயே இருக்கிறது!

இந்தப் பதிலும் சும்மா வந்துவிடாது. அதற்கு முன் வெரிஃபையர் நடந்துபோன பாதைகள் எல்லாம், ஒவ்வொரு கட்டளைக்கும் எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கலாம் என்ற விவரத்தோடு, பக்கம் பக்கமாகக் கொட்டும். டிபக் தகவலோடு கம்பைல் செய்திருந்தால் பக்கத்தில் நம் மூல வரிகளும் வரும், அது பெரிய உதவி. ஆனாலும் குறை நம் நிரலிலா, கம்பைலர் அதை மாற்றி எழுதியதிலா என்று அந்தப் பதிவு சொல்லாது. ரெஜிஸ்டர் ரெஜிஸ்டராகப் பின்னோக்கிப் போய் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

தீர்வு என்ன தெரியுமா? ஒன்றுமே செய்யாத ஒரு காலி அசெம்பிளி வரி. பாயின்ட்டரை அதன் வழியாக அனுப்பினால், மதிப்பு மாறியிருக்கலாம் என்று கம்பைலர் நினைத்துக்கொண்டு, திரும்பக் கூட்டாமல் சோதித்ததையே வைத்துக்கொள்ளும். எக்ஸ்டிபியில் கொஞ்ச காலம் இருந்த எல்லோருடைய நிரலிலும் இப்படி நாலு வரியாவது கிடக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் மேலே நீளமாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம்.

நியாயமாகவும் பேச வேண்டும். இத்தனை வருடங்களில் எங்கள் எக்ஸ்டிபி நிரலால் ஒரு சர்வர்கூடக் கர்னல் பேனிக் ஆனதில்லை. இதே வேலையைக் கர்னல் மாட்யூலாக எழுதியிருந்தால், தப்பான ஒரு பாயின்ட்டர் போதும், சர்வரே படுத்துவிடும். வெரிஃபையர் கண்டிப்பாக இருப்பதால்தான் நடுப்பகலில், தாக்குதல் மத்தியில், துணிந்து புது நிரலை ஏற்ற முடிகிறது. அது கொஞ்சம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2020இல், 32 பிட் எல்லைக் கணக்கில் இருந்த ஒரு பிழையை வைத்து, சாதாரணப் பயனர் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக முடியும் என்று ஒரு ஹேக்கிங் போட்டியில் காட்டினார்கள். ஆகவே கண்டிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. அது காரணத்தை நமக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும், கம்பைலரும் அதுவும் ஒரே மொழி பேச வேண்டும், அவ்வளவுதான்.

முன்பைவிட எவ்வளவோ பரவாயில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரு நிரலுக்கு 4096 கட்டளைதான். லினக்ஸ் 5.2இல் ரூட்டுக்கு அது பத்து லட்சமானது. 5.3இல் எல்லையுள்ள லூப்பை அப்படியே எழுத முடிந்தது. அதற்கு முன் டிசிபி ஆப்ஷன்களைப் படிக்க லூப்பை விரித்து எழுதிய கொடுமையை இன்னும் மறக்கவில்லை. 5.18இல் ஒரு நினைவகப் பக்கத்துக்குள் அடங்காத பெரிய ஃபிரேம்களும் கையாள வந்தன. கூடவே, பாக்கெட்டின் ஒரு பகுதியை ஸ்டாக்கில் (நிரலின் சொந்தத் தற்காலிக நினைவகம்) நகலெடுத்துத் தரும் உதவிச் செயல்கூறும் வந்தது. வேகம் சற்றுக் குறைந்தாலும், அதைப் பயன்படுத்தும் இடங்களில் மேலே சொன்ன பாயின்ட்டர் தகராறே வருவதில்லை.

வீசிய பாக்கெட், பாக்கெட்டுகளைப் பார்க்க வழக்கமாகப் பயன்படுத்தும் டிசிபிடம்ப்பில் தெரியாது என்ற குறையும் உண்டு. அதற்கென்றே எக்ஸ்டிபிடம்ப் இருக்கிறது, பழகிவிடும்.

இரண்டு நாள் முன் நண்பர் ஒருவர் தன் சேவைக்கு இதைப் போடலாமா என்று கேட்டார். மேலே சொன்ன புகழ்ச்சியெல்லாம் அவரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, வேண்டாம் என்றேன். அவருடைய டிராஃபிக்குக்கு என்எஃப்டேபிள்ஸே (ஐபிடேபிள்ஸுக்குப் பின் வந்த லினக்ஸ் ஃபயர்வால்) தாங்கும். வெரிஃபையர் பதிவைப் படிக்கத் தெரிந்த ஒருவர் அவர் குழுவில் இல்லை, மாதக் கடைசியில் ஒரு கம்பைலர் மேம்படுத்தல் அவர்கள் வாரத்தையே விழுங்கிவிடும். இதே கேள்வியைப் போன மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

கட்டாயம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு: கம்பைலர் பதிப்பை ஒரே எண்ணில் நிறுத்தி வையுங்கள். வேலை செய்த ஆப்ஜெக்ட் கோப்பைத் தூக்கிப் போடாமல் சேமியுங்கள், போன வாரம் எங்களைக் காப்பாற்றியது அதுதான். ஒரு கர்னலில் ஏறும் நிரல் இன்னொன்றில் ஏறாமல் போகலாம். ஆகவே நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு கர்னல் பதிப்பிலும் லோடு செய்து பார்ப்பதைத் தினசரி பில்டிலேயே சேர்த்துவிடுங்கள்.