"கேஷ் துடைக்கிறேன்" என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்

சின்ன வியாபாரத்துக்கு இணையத்தளம் வைத்திருக்கும் பினாங்குக்காரர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இங்கே கேஷ் (cache) என்றால் பணமில்லை, ஏற்கெனவே பார்த்த பக்கத்தைப் போன் சேமித்து வைக்கும் பிரதி. பிறை ஊரில் நானும் அக்காவும் தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து விற்கிறோம். தளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்திருந்தோம், பெயர் வேண்டாம்.

எண்ணெய் விலை ஏறியதால் ஒரு போத்தல் முறுக்கை 38 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 45 ஆக்கச் சொன்னோம். மாற்றினார். அந்த வாரம் வாங்கிய என் புதுப் போனில் 45 என்று தெரிந்தது, ஆனால் ஏற்கெனவே தளத்தைப் பார்த்திருந்தவர்கள் எல்லாருக்கும் 38தான் வந்தது. "தங்கச்சி, இதோ 38ன்னு போட்டிருக்கே" என்று போனை நீட்டுகிறவர்களிடம், அதுவும் பத்து வருஷமாக வாங்குகிறவர்களிடம், என்ன வாதாட முடியும்? 62 போத்தலைப் பழைய விலைக்கே கொடுத்தோம், 434 வெள்ளி போச்சு.

கேட்டால், "கஸ்டமர் போன்ல கேஷ் அடைச்சிருக்கு, சர்வர்ல துடைக்கணும்" என்று 350 வெள்ளி வாங்கினார். மறுநாள் சரியானது. அடுத்து நெய்யுருண்டை விலையை மாற்றினோம், திரும்ப அதே கதை, திரும்ப 350.

அப்புறம்தான் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். பிரௌசரில் எப்12 அழுத்தி, சர்வர், அதாவது தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினி, பக்கத்தோடு அனுப்பும் ஈடேக் (ETag) என்ற வரியைக் காட்டினான்: 5ஈ0பிஈ100-சி28 (5e0be100-c28). பக்கத்துக்கு சர்வர் போடும் அடையாளம் அது. பழைய பிரதி வைத்திருக்கும் போன் அடுத்த முறை வரும்போது அந்த அடையாளத்தைச் சொல்லிக் கேட்கும், அதே அடையாளம் இன்னும் இருந்தால் சர்வர் "304, மாறவில்லை" என்று மட்டும் பதில் சொல்லும், பக்கத்தை அனுப்பாது. எங்கள் சர்வரில் ஓடுவது என்ஜின்எக்ஸ் (nginx) என்ற மென்பொருள். அது கோப்பைத் திறந்து படித்து அடையாளம் போடுவதில்லை, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தையும் அளவையும் ஹெக்ஸ் எண்ணாக்கி (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எழுதும் எண்) சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். சி28 என்றால் 3112 பைட். முன்பகுதி 2020 ஜனவரி 1, நம் நேரம் காலை 8 மணி. நாங்கள் தளம் தொடங்கியதே அதற்கு ரொம்பப் பிறகுதான்! தளத்தைப் பார்த்துக்கொண்டவருடைய ஸ்கிரிப்ட் (கோப்புகளைத் தளத்தில் ஏற்றும் சின்ன நிரல்) ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் எல்லாக் கோப்புக்கும் அந்த ஒரே தேதியைப் போட்டுவிடுகிறது. 38ம் இரண்டு இலக்கம், 45ம் இரண்டு இலக்கம், அளவும் மாறவில்லை. அடையாளம் எப்படி மாறும்?

இதுவரைக்கும் தவறு என்று விட்டுவிடலாம். ஆனால் பழைய கோப்புகளை வரிசையாக ஒப்பிட்டதில், "துடைத்த" இரண்டு நாளிலும் மாறியிருந்தது ஒன்றே ஒன்று: கடைசியில் ஒரு வெற்று வரி. அதனால் அளவு மாறி அடையாளமும் மாறியது, எல்லாருக்கும் புதுப் பக்கம் வந்தது. அதாவது காரணம் அவருக்கு நன்றாகத் தெரியும். தேதியைச் சரிசெய்யாமல், ஒரு முறை என்டர் தட்டுவதற்கு 350 வெள்ளி வாங்கியிருக்கிறார். எங்களுக்கு அது அரை நாள் அடுப்படி வேலை.

அக்கா மகன் ஸ்கிரிப்டில் தேதி போடும் அந்த ஒரு வரியை நீக்கினான். அதிலிருந்து விலை மாற்றினால் உடனே மாறுகிறது.

உங்களிடமும் யாராவது இப்படிக் கேட்டால், விலை மாற்றும் முன்பும் பின்பும் ஈடேக் வரியைப் படம்பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோளாறு வாடிக்கையாளர் போனில் இல்லை, பணம் கட்டாதீர்கள். நாங்கள் 700 வெள்ளியைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.