குனியாம பொருள் எடுக்கற குச்சி, 4 ஸ்டார்

இடுப்புல ஸ்பைனல் ஃப்யூஷன், அதாவது முதுகெலும்புகள ஒண்ணா சேர்க்கற ஆபரேஷன் பண்ணி 7 வாரம் ஆச்சு. குனியக்கூடாது, உடம்ப முறுக்கக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன், வீட்டுல முதல் நாளே போன் சார்ஜர் கீழ விழுந்தப்பதான் உறைச்சுது. உள்ள ஸ்க்ரூ, ராடு போட்டிருந்தாலும் எலும்பு ஒண்ணா சேர மாசக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட, அதுவரைக்கும் இந்தக் குச்சிதான் எனக்கு கை.

32 இன்ச் நீளம், கைப்பிடிய அழுத்துனா நுனி கவ்விக்கும். துணி, செருப்பு, மாத்திரை அட்டை எல்லாம் ஈஸியா வருது. பேன்ட் போடவும் இதான், பட்டிய கவ்வி காலுக்குள்ள விட்டு மெதுவா மேல இழுக்கணும், முதல் வாரம் சர்க்கஸ் மாதிரி இருந்துச்சு போங்க. தண்ணி பாட்டில் மட்டும் வழுக்குது, நுனி ரப்பரும் தேய ஆரம்பிச்சிடுச்சு.

சின்ன சைஸ் வாங்காதீங்க, தரைய தொட லேசா குனியணும், அப்புறம் எதுக்கு அது? எட்டிப் பிடிக்கறேன்னு இடுப்ப திருப்பிடாதீங்க, பக்கத்துல போய் நேரா நின்னு எடுங்க. ரெண்டா வாங்கியிருக்கலாம், ஏன்னா குச்சியே கீழ விழுந்தா அத எடுக்க இன்னொரு குச்சி வேணும்ல 😅