வெப்பத்தைத் திருப்பும் கருஞ்சாம்பல் பெயின்ற்: உவர்மலைக் கூரையில் ஓராண்டு

திருகோணமலை உவர்மலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் வீட்டின் மேல்மாடியில், கச்சான் காற்று தொடங்கிவிட்டால் மதியத்தில் எவரும் தங்குவதில்லை. கூரை தகரம், அதன்மேல் பழைய கருஞ்சாம்பல் பெயின்ற். வெள்ளை பூசினால் சூடு குறையும் என்பது தெரிந்ததுதான் என்றாலும், மேட்டிலுள்ள அயல்வீட்டாரின் கண்ணுக்கு வெள்ளைக் கூரை கூசும் என்பதால், சென்ற பங்குனியில் ‘வெப்பத்தைத் திருப்பும்’ என்று வாளியில் எழுதியிருந்த பெயின்றை அதே கருஞ்சாம்பல் நிறத்தில் வாங்கிப் பூசினோம். விலை சாதாரணப் பெயின்றைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கறுத்த நிறம் எப்படி வெப்பத்தைத் திருப்பும் என்று வீட்டில் முதலில் எவரும் நம்பவில்லை. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிராக, அதாவது 700 முதல் 2500 நானோமீற்றர் வரையான அலைநீளத்தில் வருகிறது. நிறத்தைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டுமே. வழக்கமான கறுப்புப் பெயின்றில் சேரும் கரித்தூள் இரண்டு பகுதியையும் ஒருசேர விழுங்கிவிடும். இந்த வகைப் பெயின்றிலோ, குரோமியம், இரும்பு போன்ற உலோகங்களின் ஒட்சைட்டுகளைச் சூளையில் உயர்ந்த வெப்பத்தில் ஒன்றாகச் சுட்டெடுத்த நிறமித்தூள் இருக்கிறது. அது வெளிச்சத்தை விழுங்கிக் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், அகச்சிவப்பின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெயிலில் நாள் முழுதும் நிற்கும் மரத்தின் இலை காய்ந்த தகரம்போலக் கொதிக்காததற்கு, அது நீரை ஆவியாக்குவதோடு இந்தக் குணமும் ஒரு காரணம்.

பூசுவதற்கு முன் கிணற்றுக்கட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். உள்ளங்கை அகலத் தகரத்துண்டு இரண்டில், ஒன்றுக்குப் பழைய பெயின்றும் மற்றதற்குப் புதியதும் பூசிக் காயவிட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் விரலளவு மெழுகுதிரித் துண்டு ஒன்றை நிறுத்தினேன். நிறத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல என் மனைவியால் முடியவில்லை. ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தபோது பழைய பெயின்றின் மேல் நின்ற மெழுகு அடி இளகிச் சாய்ந்து, தகரத்தில் எண்ணெய்போலப் பரவியிருந்தது. மற்றது அடியில் சற்று ஒட்டிக்கொண்டதோடு நிமிர்ந்தே நின்றது. அதற்குப் பின் வீட்டில் எவரும் விலையைப் பற்றிப் பேசவில்லை.

பலனைச் சொல்வதானால், முன்பு இரண்டு மணிக்கு உட்கூரைப் பலகையில் கை வைத்தால் உடனே எடுத்துவிடுவோம்; இப்போது வைத்திருக்க முடிகிறது. மேல்மாடியில் பாய் விரித்து மதியத் தூக்கம் போடுமளவுக்கு அறை ஆறியிருக்கிறது. ஆனால் இரவில் வித்தியாசம் தெரியவில்லை, ஏனெனில் பகல் முழுதும் சூடேறிய மேற்குச் சுவருக்குக் கூரைப் பெயின்ற் என்ன செய்யும்? அறையைக் குளிரூட்டிபோல ஆக்கிவிடும் என்று எண்ணி வாங்குபவர் ஏமாந்துபோவார். நல்ல வெள்ளைப் பூச்சு இதைவிடக் கூடுதலான வெப்பத்தைத் திருப்பும் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

எனக்கு ஏற்பட்ட மனக்குறை பெயின்றில் அல்ல, கடையில். ஒரு வாளி போதாமல் நகரத்தில் வேறொரு கடைக்குப் போனபோது, அங்கிருந்தவர் வெளிர்சாம்பல் வாளியொன்றில் சாதாரணக் கறுப்புச் சாயத்தைச் சேர்த்துக் கலக்கி, “அதே நிறம்தான் ஐயா” என்று தந்தார். நிறம் அதேதான். ஆனால் சிறிதளவு கரித்தூள் சேர்ந்தாலே இந்த நிறமியின் பயன் பெரும்பாலும் போய்விடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்த வாளி பூசிய தென்கோடியின் கீழ் உட்கூரை இன்றும் மற்றப் பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது. கருநிறம் வேண்டுமென்றால் தொழிற்சாலையிலேயே நிறம் சேர்த்து மூடிய வாளியாக வாங்குங்கள். அடியில் வெள்ளைப் பிரைமர் ஒரு கோட்டிங் கொடுங்கள், மேற்பூச்சைக் கடந்து போகும் கதிரை அது திருப்பிவிடும்.

செங்காவி நிறம் வேண்டுவோர் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா என்பது என் ஐயம். கோயில் மதில்களில் வெள்ளையோடு மாறிமாறி வரும் காவி, இரும்பு ஒட்சைட்டுதான்; அது இயல்பிலேயே அகச்சிவப்பை ஓரளவு திருப்பக்கூடியது. கூடுதல் விலைக்குப் பொருள் இருப்பது கறுப்பு, சாம்பல், கரும்பச்சை, கபிலம் ஆகியவற்றில்தான். நீலத்தில் ஒரு சுவையான கதை உண்டு: சென்னையில் பிறந்த வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன், 2009இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்னணுப் பொருள்களுக்கான ஆய்வு செய்கையில், யிற்றியம், இந்தியம், மங்கனீசு ஒட்சைட்டுகள் சூளையிலிருந்து பளீரென்ற நீலமாக வெளிவந்தன. அதுவும் அகச்சிவப்பைத் திருப்பும் நிறமிதான். இந்தியம் என்னும் உலோகத்தின் விலையால் நம் கூரைக்கு வரும் பொருளல்ல அது.

மாரிமழை முடிந்து தை மாதத்தில் ஏறிப் பார்த்தபோது பெயின்ற் எங்கும் உரியவில்லை. வேப்பமரத்தின் நிழல் விழும் மூலையில் மட்டும் பாசி படிந்திருந்தது. கடற்காற்றில் வந்த உப்பும் தூசும் மேலெல்லாம் மெல்லிய படலமாக இருந்தன. அந்த அழுக்கும் வெயிலை விழுங்கும் என்பதால், மகன் மென்மையான தும்புத்தடியும் தண்ணீருமாக ஒரு காலை முழுதும் கழுவினான். தென்கோடியை இந்தப் பங்குனியில் மறுபடி பூச மூடிய வாளியொன்று வாங்கி வைத்திருக்கிறேன்.