“ஆக்டா கோர் சார், தாராளமா தாங்கும்”: புதுப் போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

புதுப் போன் வாங்கும்போது “பிராசசர் போதுமா?” என்று கேட்டால் கடையில் ஒரு பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். என் தங்கைக்கு வாங்கிய போனில் எங்களை ஏமாற்றியது அந்தப் பதில்தான். அதில் சொன்ன எந்த எண்ணையும் பொய் என்று நிரூபிக்க முடியாது, போன் மட்டும் உதவாது. அதனாலேயே எங்கள் புகாரும் எங்கேயும் எடுபடவில்லை.

தங்கை கல்லூரியில் படிக்கிறாள். ஆன்லைன் வகுப்பு ஓடும்போதே பிடிஎஃப் திறந்திருக்க வேண்டும், இடையில் வாட்ஸ்அப் குரூப்பில் பதில் போட வேண்டும், போர்டில் எழுதியதைப் போட்டோ எடுக்க வேண்டும். அவளுடைய தேவை இவ்வளவுதான். இதை விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன்.

“இந்த பிராசசர் அதுக்கெல்லாம் தாங்குமா?”

“தாராளமா தாங்கும் சார். ஆக்டா கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ். ரேம் எட்டு ஜிபி. கேமே ஓடும்.”

“சிப் பேர் என்ன?”

“புது சிப்தான் சார். பாக்ஸ்லயே ஆக்டா கோர்னு போட்டிருக்கு பாருங்க.”

பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். ஆக்டா கோர் என்று பெரிதாக இருந்தது (பிராசசருக்குள் வேலை செய்யும் மூளைப் பகுதி ஒவ்வொன்றும் ஒரு கோர், ஆக்டா என்றால் எட்டு), சிப் பெயர் எங்கேயும் இல்லை. மேசையில் இருந்த டெமோ போனைக் கையில் எடுத்தோம். கம்பெனி விளம்பர வீடியோ ஒன்று அதில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. பளிச்சென்று, ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. வீடியோவை நிறுத்தி வேறு ஏதாவது திறந்து காட்டச் சொன்னதற்கு, “டெமோ மோடு சார், வெளிய வராது” என்றார்கள்.

இந்த டெமோ வீடியோவைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வீடியோவை விரித்துத் திரைக்கு அனுப்பும் வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. மெயின் பிராசசருக்கு அதில் பெரிய வேலை கிடையாது. அதனால் மிகவும் பலவீனமான சிப் உள்ள போனிலும் வீடியோ வெண்ணெய் போல ஓடும். ஆப் திறப்பது, கீபோர்டு வருவது, ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போன்றவைதான் பிராசசருக்குச் சோதனை. கடையில் அவற்றைத்தான் காட்ட மறுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் லட்சணம் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் டைப் செய்யும் இடத்தைத் தொட்டால் கீபோர்டு மேலே வரவே நேரம் எடுத்தது. வந்த பிறகு வேகமாக நாலு எழுத்து தட்டினால் திரை அப்படியே நின்று, சற்றுப் பொறுத்து நாலும் மொத்தமாக வந்து விழும். போட்டோ எடுத்தால் “பிராசசிங்” என்று வட்டம் சுற்றும், அது நிற்பதற்குள் ஆசிரியர் போர்டை அழித்திருப்பார். வகுப்பு ஓடும்போது பிடிஎஃப் திறந்து திரும்பிப் போனால் வகுப்பு ஆப் மூடியிருக்கும், மறுபடி முதலிலிருந்து உள்ளே நுழைய வேண்டும். பின்னணியில் ஏதாவது ஆப் அப்டேட் ஆகிக்கொண்டிருந்தால் போனைத் தொடவே முடியாது. புதுப் போன், அதில் நாங்கள் ஒரு கேம்கூட ஏற்றவில்லை.

பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஃபேக்டரி ரீசெட் செய்து, சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி போனபோது கவுன்டரில் இருந்தவர் கணினியில் ஏதோ டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் பாஸ் ஆகுது. இந்த மாடல் இப்படித்தான் இருக்கும்” என்றார். பழுதாக இருந்தால் மாற்றித் தருவார்களாம். போன் மெதுவாக இருப்பது பழுதில் சேராது, அது அந்த மாடலின் இயல்பு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கடையில் நீட்டினால், சீல் பிரித்த போனை எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பிரிக்காமல் எப்படித் தெரியும்?

அப்புறம், போனுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் சிபியு-இசட் என்ற இலவச ஆப்பை ஏற்றிப் பார்த்தேன். மொத்தக் கதையும் அந்த ஒரு திரையில் இருந்தது. எட்டு கோர், எட்டும் கோர்டெக்ஸ் ஏ53.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விற்பனையில் நடக்கும் ஏமாற்று முழுவதும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கோர்டெக்ஸ் ஏ53 என்பது கோர்களை வடிவமைக்கும் ஏஆர்எம் நிறுவனம் 2012-ல் அறிவித்த சின்ன கோர். பேட்டரியை மிச்சப்படுத்தும் வேலைக்கு அந்தக் காலத்தில் அருமையான வடிவமைப்பு. பல சிப்புகளில் பெரிய கோர்களுக்குப் பக்கத்தில் நின்று சில்லறை வேலைகளைப் பார்க்க அதைப் பயன்படுத்தினார்கள். அது கட்டளைகளை வந்த வரிசையிலேயே செய்யும். முன்னால் நிற்பவர் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தால் பின்னால் வரிசை முழுவதும் நிற்குமே, அந்த மாதிரி. ஒரு கட்டளை மெமரியிலிருந்து தகவல் வரக் காத்திருந்தால் பின்னால் இருப்பதும் காத்திருக்கும். ஏ73, ஏ75, ஏ76, ஏ78 போன்ற பெரிய கோர்கள் அப்படி இல்லை. காத்திருக்கும் கட்டளையை ஓரமாக வைத்துவிட்டு, அதைச் சாராத அடுத்த வேலைகளை முடித்துவிடும்.

சரி, சின்னதாக இருந்தாலும் எட்டு இருக்கிறதே என்று தோன்றலாம். ஆப் திறப்பது, விரல் பட்டதும் திரை நகர்வது போன்ற வேலைகளில் முக்கியமான பங்கு ஒரே ஒரு கோரின் தலையில்தான் விழும். அதை எட்டாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. மற்ற ஏழும் சேர்ந்தாலும் அந்தப் பங்கை வேகப்படுத்த முடியாது. கைக்கு வேகமாகத் தெரிவதும் மந்தமாகத் தெரிவதும் ஒரு கோரின் பலத்தைப் பொறுத்தது. எத்தனை கோர் என்ற கணக்கு அதற்கு உதவாது.

கிகாஹெர்ட்ஸ், அதாவது கோர் துடிக்கும் வேகம், அந்தக் கணக்கு இதைவிட மோசம். ஹீலியோ ஜி99 என்று 2022-ல் வந்த ஒரு நடுத்தர சிப் இருக்கிறது. அதில் ஏ76 கோர் இரண்டு 2.2 கிகாஹெர்ட்ஸில், ஏ53-க்கு அடுத்து வந்த சின்ன கோரான ஏ55 ஆறு 2 கிகாஹெர்ட்ஸில். தங்கை போனில் இருப்பது 2.3. எண்ணைப் பார்த்தால் தங்கை போன்தான் மேல். ஆனால் போனின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் கீக்பெஞ்ச் 6 என்ற ஆப்பில் ஒற்றை கோர் மதிப்பெண் எடுத்துப் பாருங்கள். ஏ53 மட்டுமே உள்ள சிப்புகள் 200-க்குப் பக்கத்தில் நின்றுவிடும், ஜி99 ஏறத்தாழ 700-ஐத் தொடும். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டும் ஆக்டா கோர், இரண்டின் பாக்ஸிலும் ஒரே வார்த்தை.

எட்டு ஜிபி ரேம் கதையும் இதே ரகம்தான். பாக்ஸில் 8 என்ற எண்ணுக்கு மேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருந்தது. அதற்கான விளக்கம் அடிப்பக்கத்தில், பார்கோடு ஸ்டிக்கருக்குக் கீழே, சாம்பல் நிற எழுத்தில்: 4 ஜிபி ரேம், 4 ஜிபி விரிவாக்கம். விரிவாக்கம் என்று அவர்கள் சொல்வது ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ரேம் மாதிரி பயன்படுத்துவது. ஸ்டோரேஜின் வேகம் உண்மையான ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. அதிலும் இந்தப் போனில் இருப்பது இஎம்எம்சி ரகம். அது ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. யுஎஃப்எஸ் ரகம் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும், வேகமும் பல மடங்கு. ஆப் அப்டேட் ஆகும்போது போன் உறைந்துபோவதற்கு இந்த இஎம்எம்சி பெரிய காரணம். இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கடையில் ஒருவர்கூடப் பேசுவதில்லை. 128 ஜிபி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கேமராவிலும் சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 50 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். படத்தைத் தயார் செய்யும் பலம் சிப்பில் இல்லாவிட்டால் அந்த 50 வெறும் எண். தங்கை போனில் வீடியோ 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம், அதற்கு மேல் தெரிவே கிடையாது. 90 ஹெர்ட்ஸ் திரை என்று வேறு போட்டிருந்தார்கள். நொடிக்கு 90 முறை படம் வரைய சிப்பால் முடிந்தால்தானே திரை 90-ல் ஓடும்?

சிலர் அன்டுட்டு என்ற இன்னொரு சோதனை ஆப்பின் ஸ்கோர் காட்டி மடக்குவார்கள். அந்த ஆப்பின் பதிப்பு மாறினால் எண்ணே மாறிவிடும், அதனால் எந்தப் பதிப்பு என்று தெரியாத ஸ்கோரை வேறொரு போனோடு ஒப்பிடவே கூடாது. பெரிய கம்பெனிகள்கூட இந்தச் சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன. 2018-ல் ஹுவாவேயின் சில மாடல்கள் 3டிமார்க் சோதனை ஆப்பை அடையாளம் கண்டு அதற்கு மட்டும் முழு பலத்தில் ஓடியது தெரிந்து, அந்த மாடல்களை 3டிமார்க்கின் மதிப்பெண் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022-ல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைக் கீக்பெஞ்ச் நீக்கியது. ஆயிரக்கணக்கான ஆப்களின் வேகத்தைக் குறைத்த ஒரு மென்பொருள், கீக்பெஞ்ச் போன்ற சோதனை ஆப்களை மட்டும் தொடாமல் விட்டிருந்தது. விலை உயர்ந்த போன்களிலேயே இப்படி நடந்திருக்கும்போது, கடைக்காரர் தன் செல்லில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுக்கு என்ன மதிப்பு?

“புது சிப்” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் 6எஸ் ஜென் 3 அடிப்படையில் 2021-ல் வந்த ஸ்னாப்டிராகன் 695-தான், வேகம் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். ஹீலியோ ஜி100-ம் கிட்டத்தட்ட ஜி99-தான். இந்த இரண்டுமே மோசமான சிப் இல்லை, அன்றாட வேலைக்குத் தாராளம். ஆனால் பெயரில் எண் கூடியதால் பலமும் கூடிவிட்டது என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுக்கக் கூடாது.

ஆகவே கடையில் நின்று பேசுவதற்கு முன் மாடல் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். போனின் பெயர் போதாது. ஒரே பெயரில் 4ஜி ஒன்று, 5ஜி ஒன்று என்று வரும், உள்ளே சிப் வேறு வேறாக இருக்கும். பாக்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை வைத்து, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் சிப் பெயரைத் தேடுங்கள். கிடைத்ததும் அந்த சிப்பில் என்னென்ன கோர் இருக்கிறது என்று பாருங்கள். எட்டும் ஏ53 அல்லது எட்டும் ஏ55 என்றால், அழைப்புக்கும் வீடியோ பார்ப்பதற்கும் மட்டும் போன் தேடுபவர்கள் தவிர வேறு யாரும் அதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏ76, ஏ78 போல பெரிய கோர் குறைந்தது இரண்டு இருந்தால் தங்கை செய்யும் மாதிரியான வேலைகளுக்குப் போதும். ஏ75 இரண்டு இருப்பவை நடுவில் நிற்கும், சமாளிக்கலாம், ஆனால் ரேம் விரிவாக்கம் இல்லாமலே 6 ஜிபியாவது இருக்கட்டும். கேம் விளையாடுபவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது. அவர்கள் 3டிமார்க்கின் 20 நிமிட ஸ்ட்ரெஸ் டெஸ்ட் முடிவைப் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகு எத்தனை சதவீதம் பலம் மிஞ்சுகிறது என்று அது காட்டும்.

சிப் பெயரைச் சொல்ல மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். டெமோ மோடிலிருந்து வெளியே வந்து காட்ட மறுத்தாலும் அப்படியே. காட்டினால் கேமராவைத் திறந்து விடாமல் பத்து படம் எடுத்து, உடனே கேலரிக்குப் போய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். மேப்பைத் திறந்து இரண்டு விரலால் விரித்துச் சுருக்குங்கள். திரை விரலோடு வருகிறதா, பின்னால் வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் செட்டிங்ஸில் ரேம் விரிவாக்கத்தை அணைத்துப் பாருங்கள். தங்கை போனில் அதை அணைத்த பிறகு கீபோர்டு திணறுவது ஓரளவு குறைந்தது. ஆப் அப்டேட்டைத் தானாக ஓடவிடாமல், இரவில் சார்ஜ் போடும்போது நாமே ஓட்டுவதும் உதவுகிறது. ஆன்லைனில் வாங்கி, ரிட்டர்ன் காலம் இன்னும் முடியாதவர்கள் இன்றைக்கே சிபியு-இசட் போட்டுப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தில் ரேம் 8 ஜிபி என்று இருந்து போனில் 4 ஜிபி இருந்தால், அந்தப் பக்கத்தையும் போன் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “மெதுவாக இருக்கிறது” என்று எழுதாமல் “விவரத்தில் சொன்னபடி இல்லை” என்ற காரணத்தைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் போடுங்கள். மெதுவாக இருக்கிறது என்று எழுதினால் சர்வீஸ் சென்டர் சீட்டு கேட்பார்கள், அந்தச் சீட்டில் என்ன எழுதித் தருவார்கள் என்பதுதான் மேலே நான் சொன்னது.