ஆற்றுத் தூண்டிலுக்கு எந்தத் தக்கை, எந்த ஈயம்?

தூண்டில் போடப் புதிதாக வருகிறவர்கள் முதலில் தக்கையைத்தான் வாங்குகிறார்கள். பளிச்சென்று, கொழுகொழுவென்று ஒன்றை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே எவ்வளவு ஈயம் கட்டுவது என்று பிறகு யோசிக்கிறார்கள். குளத்தில் இது ஓரளவு ஒப்பேறும். ஆற்றில் வரிசை தலைகீழ். தண்ணீரின் ஆழமும் வேகமும் ஈயத்தை முடிவு செய்யும், அந்த ஈயத்தைத் தாங்கும் தக்கையை அதற்கப்புறம் தேட வேண்டும்.

உருண்டையா, குச்சியா?

3 செ.மீ. குறுக்களவுள்ள தெர்மாகோல் உருண்டை ஏறத்தாழ 14 கிராம் எடையைத் தாங்கும். அதில் 2 கிராம் ஈயம் கட்டினால், உருண்டையை முழுக வைக்க மீன் மீதி 12 கிராமையும் இழுத்தாக வேண்டும். சின்ன மீன் அவ்வளவு மெனக்கெடாது, இரையைத் துப்பிவிட்டுப் போய்விடும். நானும் ஒரு முழு சீசன் இப்படி உருண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, ஆற்றில் மீனே இல்லை என்று முடிவு கட்டியவன்தான்.

குச்சித் தக்கையில் நுனி மட்டும் வெளியே தெரியும்படி ஈயம் சேர்த்துவிட்டால், அரை கிராம் இழுப்புக்கே ஆள் காணாமல் போவார். மயிலிறகுத் தண்டு, பால்சா என்ற மிக லேசான கட்டை இரண்டுமே இதற்கு நல்லவை. ஆனால் சுழலும் அலையும் உள்ள இடத்தில் மெல்லிய குச்சியைத் தண்ணீரே உள்ளே இழுக்கும், ஒவ்வொரு முறையும் கடி என்று ஏமாறுவோம். அங்கே மேற்பாதி பருத்து, கீழே நீண்ட காம்புள்ள தக்கை வேண்டும். உருண்டைக்கு நான் கொடுக்கும் ஒரே இடம், பெரிய இரையைப் பெரிய மீனுக்காகத் தொங்கவிடும்போது.

ஒருமுனைக் கட்டா, இருமுனைக் கட்டா?

தக்கையை நரம்பில், அதாவது தூண்டில் இழையில், கீழ்முனையில் மட்டும் கட்டுவதா, இரு முனைகளிலும் கட்டுவதா? வடிவத்தைவிட முக்கியமான கேள்வி இது. கடைகளில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஆற்றில் மேல் தண்ணீர் வேகமாகப் போகும். அடித் தண்ணீர் தரையில் உரசி மெதுவாகப் போகும். தக்கையை அதன் போக்கில் விட்டால் அது இரையையும் மேல் தண்ணீரின் வேகத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். அடியில் தானாக உருண்டு வரும் புழு அப்படி ஓடாது, மீனுக்கு அது தெரியும்.

தக்கையின் மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் ரப்பர் வளையம் போட்டு நரம்பைப் பிடித்திருந்தால், லேசாகப் பிடித்துப் பிடித்து விடலாம். தக்கை தாமதிக்க, இரை அதற்கு முன்னால் போகும். கீழ்முனையில் மட்டும் கட்டியதை அப்படிப் பிடித்தால் அது முழுகும், அல்லது கரைப்பக்கம் ஒதுங்கும். ஆகவே பக்கத்தில், நம் கம்புக்கு எட்டும் ஓட்டத்தில் இருமுனைக் கட்டுதான் என் தேர்வு.

தூரத்தில் போட வேண்டும், காற்றும் ஓட்டத்தின் திசையிலேயே அடிக்கிறது என்றால் ஒருமுனைக் கட்டு ஜெயிக்கும். நரம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைக்கலாம், காற்று அதை வில்லாக வளைக்காது. இரையின் வேகத்தைக் குறைக்க, தக்கையைச் சற்று மேலே நகர்த்தி இரை தரையில் இழுபடும்படி விடுவேன்.

சின்ன ஈயக்குண்டுகளை நரம்பில் இடைவெளி விட்டு இறுக்குவதா, ஓரிடத்தில் குவிப்பதா? மெதுவான ஓட்டத்துக்குப் பரப்பு. இரை மெல்ல இறங்கும், இறங்கும்போதே கடி வரும். ஆழமும் வேகமும் இருந்தால் தூண்டில் முள்ளுக்கு ஓர் அரை மீட்டர் மேலே குவித்து, இடையில் ஒரே ஒரு சின்னக் குண்டு.

தக்கை இல்லாமல், அடியில்

உருண்டை ஈயம் தரையில் உருளும். மீன் எங்கே என்று தெரியாதபோது ஆற்றின் குறுக்கே தேட அது உதவும். பேரிக்காய் வடிவம் தூரம் பறக்கும், வேகத் தண்ணீரில் நிற்காது. தட்டை ஈயம் நிற்கும். நடுவில் துளையுள்ள முட்டை வடிவத்தில் நரம்பு வழுக்கிப் போவதால் மீனுக்குப் பாரம் சட்டென்று தெரியாது.

ஈயம் நகர்ந்தால் உடனே பெரியதை மாட்டாதீர்கள். ஓட்டம் இரண்டு மடங்கானால் நரம்பின் மேல் விழும் தள்ளு நான்கு மடங்கு. கம்பின் நுனியை உயர்த்தி, தண்ணீரில் கிடக்கும் நரம்பைக் குறையுங்கள். மெல்லிய நரம்புக்கு மாறுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஈயமா, வேறா?

100 கிராம் ஈயம் தண்ணீருக்குள் சுமார் 91 கிராமாக நிற்கும். இரும்பு 87, டங்ஸ்டன் 95, சாதாரணக் கல் 62. கணக்கில் ஈயத்துக்கு இரும்பு அவ்வளவு தூரத்தில் இல்லை. நீர்ப்பறவைகள் சிறுகல் என்று நினைத்துக் குண்டுகளை விழுங்கிச் சாகின்றன. அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-ல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளின் விற்பனையைத் தடுத்தது. பல்லால் ஈயக்குண்டைக் கடித்து இறுக்கும் பழக்கம் உள்ளவர்கள் தங்களையும் அந்தப் பறவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாறை நிறைந்த அடியில் நான் கல்தான் கட்டுவேன், ஈயத்தைவிட ஒன்றரை மடங்கு எடையில். அதையும் முதன்மை நரம்பைவிட மெல்லிய நரம்பில், தனிக் கிளையாக. சிக்கினால் அந்தக் கிளை மட்டும் அறுந்து, கல் வந்த இடத்துக்கே போய்விடும்.